உழக்கும் கணக்கும்

நம் ஊரில் பல வருஷங்களுக்கு முன் நடந்த ஒரு கலியாணத்தில் சமையலுக்கு வந்த பரிசாரகர் கைதேர்ந்தவர். ஆனால் மகா கோபக்காரர். பருப்பும் தண்ணீரும் அண்டாவில் ஏற்றுவது உதவியாளர்கள் வேலை. உப்பும் உலை அரிசியும் மாத்திரம் அவர் கைப்படப் போடுவார். இத்தனை பேருக்கு இத்தனை ஆழாக்கு உப்பு என்று மனத்திலே ஒரு கணக்கு. அளவைக் கண்ணால் பார்க்கும் வழக்கமே கிடையாது. கை எண்ணிக்கொண்டே போகும். அன்று ஆழாக்கு எங்கேயோ காணாமற்போய்விட, வீட்டுக்காரர் ஒருவர் அவசரத்தில் அதன் இடத்தில் உழக்கை வைத்துவிட்டார். ஓர் உழக்கு இரண்டு ஆழாக்கு என்பதை நேயர்கள் அறிவார்கள். பகல் பந்தியில் சாம்பாரை வாயில் வைத்தவர்கள் எல்லோரும் தண்ணீரைத் தேடினார்கள்.

இரவுப் பந்திக்கு என்ன செய்வது? பரிசாரகரிடம் போய், "ஐயா, அளவு மாறிவிட்டது" என்று சொல்ல எவருக்கும் தைரியம் வரவில்லை. புத்திசாலி ஒருவர் யோசனை கூறினார்: "இரவு பாதிப் பேர்தான் வருகிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். தாமாகவே பாதி எண்ணிக்கையோடு உப்பை நிறுத்திவிடுவார்." அப்படியே செய்தார்கள். முழு அண்டாச் சாம்பாருக்கு உப்பு மிகவும் சரியாக விழுந்தது. ஆனால் உலையில் அரிசியும் பாதிதான் விழுந்தது! இரண்டாம் பந்திக்காரர்கள் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தப் பழைய சங்கதி இப்போது நமக்கு நினைவு வந்ததற்குக் காரணம் ஒரு கடிதம். நம்மிடம் பௌதிகம் படித்த மாணவர் ஒருவர் மலேசியாவில் கிள்ளான் நகரத்து மோட்டார்ப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறார். ஜப்பானில் ஓடி ஓய்ந்த மோட்டார்களின் முன்பாதியை மாத்திரம் அறுத்தெடுத்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, அதிலுள்ள என்ஜினை விற்பது அந்நாட்டில் நடக்கும் வியாபாரம். 'ஹாஃப் கட்' என்று அதற்குப் பெயர். அப்படி வந்த டொயோட்டா சுப்ரா என்ஜின் ஒன்றின் வலிமையைக் கூட்டித் தரும் பொறுப்பு நம் மாணவரிடம் வந்தது. அவர் எழுதியிருந்தார்:

"ஐயா அவர்களுக்கு வணக்கம். பெரிய இன்ஜெக்டர்கள் போட்டேன். கலவை சரியாக இருக்கிறதென்று மானியைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அப்படியும் மூன்றாம் நாள் என்ஜின் போய்விட்டது. பிஸ்டன் ஒன்றின் விளிம்பு உடைந்து கிடக்கிறது. நஷ்டத்தை என் சம்பளத்தில் கழிப்பதாக முதலாளி சொல்கிறார். இரண்டாவது என்ஜின் வந்து இறங்கிவிட்டது. இதுவும் போனால் வேலையும் போய்விடும். எங்கே பிசகினேன் என்று தாங்கள்தான் சொல்லவேண்டும்."

மோட்டார் ஓட்டவே அறியாத உபாத்தியாயரிடம் இந்தக் கேள்வியா என்று முதலில் நமக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்த பிறகு சிரிப்பு நின்றது. இது வாய்ப்பாட்டுக் கணக்கு. அதனோடு கொஞ்சம் பௌதிகம். நாம் கண்டறிந்ததை நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

என்ஜினுக்குள் பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, நிறையில் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. காற்றை அதிகமாகப் புகுத்தினால் பெட்ரோலையும் அதிகமாக எரிக்கலாம், வலிமை கூடும். என்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தைக்கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவதுதான் டர்போ. ஸ்விட்ஸர்லாந்து தேசத்து என்ஜினீயர் ஆல்பிரட் பியூகி இதற்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். வளிமண்டலத்தைப்போல் இன்னொரு மடங்கு அழுத்தம் சேர்ந்தால், காற்றுச் சூடேறுவதைக் கணக்கில் கொள்ளாவிடில், உள்ளே போகும் காற்று ஏறக்குறைய இரட்டிப்பாகும். பெட்ரோலும் இரட்டிப்பாக வேண்டும். இரட்டிப்பு மாத்திரம் போதாது. அந்தக் கடும் வேலையில் உஷ்ணத்தைத் தணிப்பதற்காகப் பெட்ரோலைச் சற்று மிகுதியாகவே விடுவார்கள். 14.7 பங்கு காற்று என்பது அப்போது 11.5 அல்லது 12 பங்காகக் குறையும்.

இந்தப் பெட்ரோலை அளந்து விடுவது இன்ஜெக்டர் என்னும் சிறு குழாய். அதற்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் முனை திறக்கும், நின்றால் மூடும். எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று கட்டளையிடுவது என்ஜினின் கம்ப்யூட்டர். 1967-இல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனியார் வோக்ஸ்வாகன் 1600 மோட்டாரில் மின்னணுக் கருவியால் இவ்வாறு பெட்ரோல் விடும் ஏற்பாட்டைச் செய்தார்கள்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கம்ப்யூட்டருக்கு இன்ஜெக்டரின் பருமன் தெரியாது. எத்தனை துளி விழுந்தது என்று அது பார்ப்பதும் இல்லை. 'இந்தக் குழாய் நிமிஷத்துக்கு இத்தனை ஸி.ஸி. விடும்' என்று தொழிற்சாலையில் எழுதி வைத்ததை நம்பி, நேரத்தை மாத்திரம் எண்ணுகிறது. அளவைப் பார்க்காமல் எண்ணிக்கையை நம்பிய பரிசாரகரே அது. மெதுவாக ஓடும்போது புகையிலுள்ள பிராணவாயுவைச் சோதித்துக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும் சக்தி அதற்கு உண்டு. முழு வேகத்தில், டர்போ முழுமூச்சாக ஊதும்போது, பழைய சுப்ரா போன்ற வண்டிகளின் கம்ப்யூட்டர் அந்தத் திருத்தத்தை விட்டுவிட்டு மனக்கணக்கையே நம்பும்.

அளவுக்கும் கணக்குக்கும் உள்ள பொருத்தத்தை அந்தச் சுப்ராவே நன்றாக எடுத்துக் காட்டுகிறது. 1993-இல் வெளிவந்த அந்த வண்டியின் டர்போ என்ஜினுக்கு 2ஜேஇஸட்-ஜிடிஇ என்று பெயர். ஆறு ஸிலிண்டர், கொள்ளளவு 2,997 ஸி.ஸி. ஜப்பானுக்குள் விற்றதற்கு 280 குதிரை சக்தி. அமெரிக்காவுக்கு அனுப்பியதற்கு 320. என்ஜினின் அடிப்படை ஒன்றே. ஆயினும் ஜப்பான் வண்டியில் நிமிஷத்துக்கு 440 ஸி.ஸி. விடும் இன்ஜெக்டர்களை வைத்தார்கள். ஏற்றுமதி வண்டியில் 550 ஸி.ஸி. அதற்கேற்பக் கம்ப்யூட்டரும் வேறு. ஜப்பான் கம்ப்யூட்டர் உட்குழாயின் அழுத்தத்தைக்கொண்டு காற்றைக் கணக்கிடும். அமெரிக்கக் கம்ப்யூட்டர் உள்ளே வரும் காற்றையே அளக்கும். செய்த கம்பெனியாரே உழக்கை மாற்றியபோது கணக்கையும் கூடவே மாற்றினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி நம் மாணவரின் காரியத்துக்கு வருவோம். வண்டிக்காரர் கேட்டது 450 குதிரை சக்தி. டர்போ என்ஜினில் ஒரு குதிரை சக்திக்கு நிமிஷத்துக்குச் சுமார் 6 ஸி.ஸி. பெட்ரோல் வேண்டும் என்று கொள்ளலாம். 450-க்கு 2,700 ஸி.ஸி. அதை ஆறு இன்ஜெக்டர்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 450 ஸி.ஸி. பழைய 440 ஸி.ஸி. இன்ஜெக்டர் மூடாமலே திறந்திருந்தாலும் இது முடியாது. 550 ஸி.ஸி. இன்ஜெக்டரோ நூற்றுக்கு 82 பங்கு நேரம் திறந்திருந்தால் போதும். நிமிஷத்துக்கு 6,000 சுற்று ஓடும் என்ஜினில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைப்பது 20 மில்லி செகண்டு. அதில் 16 சொச்சம் திறந்திருக்கும். நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் போகாமலிருப்பது பத்திரம் என்பது இத்தொழிலில் உள்ளவர்களின் வழக்கம். ஆகவே 550-ஐத் தேர்ந்தெடுத்ததில் நம் மாணவர் பிசகவில்லை.

இன்னொரு கண்ணியிலும் அவர் அகப்படவில்லை. ஜப்பான் வண்டியின் இன்ஜெக்டருக்கு மின்தடை அதிகம். ஏற்றுமதி வண்டியின் இன்ஜெக்டருக்குக் குறைவு. பொதுவாக இவ்விரு வகைகளில் ஒன்று 12 ஓம் அல்லது அதற்கு மேலும், மற்றது 2, 3 ஓமும் இருக்கும். 14 வோல்ட்டில் முதலாவதன் வழியாக ஓர் ஆம்பியர் அளவே பாயும். இரண்டாவதில் 5 முதல் 7 ஆம்பியர் வரை பாய்ந்து கம்ப்யூட்டரின் உள்ளுறுப்பைச் சுட்டுவிடும். தொடராக ஒரு மின்தடைப் பெட்டியைச் சேர்க்க வேண்டும். அதையும் அவர் சேர்த்திருந்தார்.

பிறகுதான் கலியாண வீட்டுப் புத்திசாலியின் யோசனை வந்து சேர்ந்தது. 440 என்று நம்பியிருக்கும் கம்ப்யூட்டரோடு 550-ஐ வைத்தால் பெட்ரோல் நூற்றுக்கு 25 பங்கு அதிகமாகப் போகும். கறுப்புப் புகை வரும். பிளக்குகளில் கரி படியும். எரியாத பெட்ரோல் ஸிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். இதைத் திருத்தக் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றியிருக்க வேண்டும். அதற்குச் செலவு அதிகம் என்று வண்டிக்காரர் மறுத்துவிட்டார். ஆகவே அழுத்தத்தை அறிவிக்கும் கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு சிறு பெட்டியைச் செருகினார்கள். அந்தப் பெட்டி, வருகிற செய்தியை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துச் சொல்லும். 'காற்றுக் குறைவாகத்தான் வருகிறது' என்று நம்பிய கம்ப்யூட்டர் ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோலைக் குறைத்தது. நூற்றுக்கு 125-இல் ஐந்தில் ஒன்று போனால் 100. கலவை மானி சரியாகக் காட்டிற்று. உப்பு சரியாக விழுந்துவிட்டது!

அரிசி என்னவாயிற்று? அதே காற்றுச் செய்தியை நம்பித்தான் கம்ப்யூட்டர் இன்னொரு காரியத்தையும் செய்கிறது. பிளக்கில் தீப்பொறி எப்போது விழவேண்டும் என்று தீர்மானிப்பதும் அதுவே. காற்றுக் குறைவாக இருந்தால் கலவை மெதுவாக எரியும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு வெகு முன்னாலேயே பொறியை விடவேண்டும். காற்று நெருங்கி நிறைந்திருந்தால் விரைவாக எரியும். பொறியைத் தாமதிக்க வேண்டும். காற்றுக் குறைவு என்று பொய் சொல்லிவிட்டால், நிறைந்த காற்றில் பொறி முந்தி விழும். எரியாமல் மூலையில் ஒதுங்கி நிற்கும் கலவை, அழுத்தமும் உஷ்ணமும் தாங்காமல் தானாகவே வெடிக்கும். பட்டறைகளில் இதை 'நாக்கிங்' என்பார்கள். சுத்தியலால் பிஸ்டனின் தலையில் அடிப்பது போன்றது அது. இந்த ஓசையைக் கேட்டுப் பொறியைத் தாமதிக்க என்ஜினில் செவிபோல ஒரு கருவி உண்டென்றாலும், அது ஓரளவுக்கே காப்பாற்றும். போதாக்குறைக்கு, அழுத்தம் எல்லை மீறினால் பெட்ரோலை நிறுத்தி என்ஜினைக் காக்கும் ஏற்பாடும் அதே பொய்யைக் கேட்டு உறங்கிவிட்டது. மூன்றாம் நாள் பிஸ்டன் உடைந்ததில் ஆச்சரியம் என்ன?

"தம்பி, உன் கணக்கில் பிழை இல்லை. கணக்குப் பார்ப்பவனிடம் பொய் சொன்னதுதான் பிழை" என்று பதில் எழுதினோம். எழுதிய பிறகு, அது கொஞ்சம் கடுமையோ என்றும் தோன்றிற்று. செலவுக்கு அஞ்சி மறுத்தவர் வேறொருவர். சம்பளத்தை இழக்கிறவர் இவர். ஆகையால் வழியையும் விவரமாக எழுதினோம்.

முதலாவது, எழுதி மாற்றக்கூடிய கம்ப்யூட்டர் வேண்டும். அதில் இன்ஜெக்டரின் உண்மையான அளவைச் சொல்லிவிட்டால் காற்றைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. பொறியின் கணக்குத் தன் இடத்திலேயே நிற்கும்.

இரண்டாவது, 440-ஐ 550-ஆல் வகுத்தால் 0.8 வருகிறது, எல்லா நேரத்தையும் 0.8-ஆல் பெருக்கிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணக்கூடாது. மின்சாரம் பாய்ந்தவுடன் முனை திறந்துவிடுவதில்லை. முனை எழும்பச் சுமார் ஒரு மில்லி செகண்டு வீணாகிறது. பாட்டரி தளர்ந்தால் இன்னும் அதிகமாகும். மெதுவாக ஓடும் என்ஜினில் இன்ஜெக்டருக்கு 2.5 மில்லி செகண்டு மின்சாரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று வீண், பெட்ரோல் விழுவது 1.5. இதைத்தான் 0.8-ஆல் பெருக்க வேண்டும்: 1.2. வீணாகும் ஒன்றைச் சேர்த்தால் 2.2. அப்படியின்றி 2.5-ஐயே பெருக்கினால் 2.0 வரும், பெட்ரோல் விழுவது 1.0 மாத்திரம். ஆறில் ஒரு பங்கு குறைவு! என்ஜின் திக்கித் திணறி நிற்கும். முழு வேகத்தில் 13 மில்லி செகண்டு திறக்கும்போதோ இதே பிழை நூற்றுக்கு இரண்டு பங்குகூட ஏறக்குறையத்தான் வரும். பெரிய அளவில் மறைந்து நிற்கும் பிழை சிறிய அளவில் வெளிப்படுகிறது. ஆகையால் இன்ஜெக்டர் வாங்கும்போதே, எத்தனை வோல்ட்டில் எவ்வளவு நேரம் வீணாகும் என்ற பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, 550 ஸி.ஸி. என்பது குறிப்பிட்ட அழுத்தத்தில் அளந்தது. பெரும்பாலும் 3 பார். அழுத்தம் மாறினால், அதன் வர்க்கமூலத்தின் விகிதப்படி பெட்ரோலும் மாறும். 3 பாரை 4 ஆக்கினால் 440 ஸி.ஸி. இன்ஜெக்டரே சுமார் 508 விடும். டர்போ ஊதும் காற்று இன்ஜெக்டர் முனையை எதிர்த்துத் தள்ளுகிறபடியால், அந்த அளவுக்குப் பெட்ரோல் அழுத்தமும் உயர்ந்துகொண்டே போகவேண்டும். பம்ப்பு சோர்ந்தால், கம்ப்யூட்டரில் எழுதிய 550 வெறும் எழுத்தாகிவிடும். பெட்ரோல் குறைந்த கலவை முழு வேகத்தில் பிஸ்டனை உருக்கும். ஆகையால் அழுத்தத்துக்கும் தனியாக ஒரு மானி வேண்டும்.

நான்காவது, பெரிதாக இருந்தால் நல்லது என்று 1,000 ஸி.ஸி. இன்ஜெக்டரைத் தேடிப் போகவேண்டாம். மெதுவாக ஓடும்போது 440-க்கு 1.5 மில்லி செகண்டு என்றால் 1,000-க்கு 0.66. திறக்கும் முன்பே மூடவேண்டிய அவ்வளவு குறுகிய நேரத்தில் பல இன்ஜெக்டர்கள் ஒருமுறை விட்ட அளவை மறுமுறை விடுவதில்லை. அண்டாவுக்கு ஏற்ற கரண்டியால் குழந்தைக்கு மருந்து புகட்ட முடியுமா?

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பழைய என்ஜினின் உடைந்த பிஸ்டனை வண்டிக்காரர் கையில் கொடுத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாராம். வண்டிக்காரர் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுதி மாற்றக்கூடிய கம்ப்யூட்டருக்குப் பணம் கொடுக்கச் சம்மதித்தாராம். முதல் நாள் டர்போவின் அழுத்தத்தைப் பாதிக்குமேல் ஏற்றவில்லை. டைனமோமீட்டரில் வண்டியை நிறுத்தி, கலவை மானி, அழுத்த மானி இரண்டையும் பார்த்துக்கொண்டே சிறிது சிறிதாக ஏற்றினார். 430 குதிரை சக்தியில் பெட்ரோல் அழுத்தம் மெல்லத் தளரக் கண்டு, அங்கேயே நிறுத்திவிட்டார். "450 கேட்டீர்கள், இந்தப் பம்ப்புக்கு 430-தான் நியாயம்" என்று வண்டிக்காரரிடம் சொன்னாராம். முதல் தடவை இப்படிச் சொல்லத் தமக்குத் தைரியம் இல்லை என்றும், அதற்குக் கொடுத்த விலைதான் அந்த முதல் என்ஜின் என்றும் எழுதியிருந்தார். சம்பளத்தில் கழித்த பணம் திரும்பவில்லை; வேலை நிலைத்தது.

டர்போ வண்டி நம் வீட்டில் இல்லையே, நமக்கு இதனால் என்ன பிரயோஜனம் என்று நேயர்கள் கேட்கலாம். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 சட்டம் அமுலுக்கு வந்தபின், புது ஸ்கூட்டர்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் பெரும்பாலானவற்றில் இன்ஜெக்டரும் கம்ப்யூட்டரும் வந்துவிட்டன. வீட்டுப் பிள்ளைகள் வேகத்தில் ஆசை கொண்டு, யாரோ சொன்னதைக் கேட்டுப் பெரிய இன்ஜெக்டரோ சிறு பெட்டியோ வாங்கி வந்தால், அவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதன் அளவு என்ன? அந்த அளவைக் கம்ப்யூட்டரிடம் சொல்லியாயிற்றா? சொல்லியது உண்மையா? மூன்றுக்கும் விடை இல்லையென்றால் பழைய இன்ஜெக்டரே இருக்கட்டும் என்று விட்டுவிடுவது உத்தமம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியோர் சொன்னார்கள். அளக்கிறவனுக்கு அளவு மாறியதைச் சொல்லிவிட்டு அளக்கச் சொல் என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். கலியாண வீட்டில் பரிசாரகரிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொஞ்சம் கத்தியிருப்பார். பிறகு எண்ணிக்கையைத் தாமே பாதியாக்கியிருப்பார். உப்பும் சரியாக இருந்திருக்கும்; எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டும் இருப்பார்கள்.